பூட்டி அனுப்பிய டிசைன் கடைக்கு வந்தது எப்படி?

வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

கடிதம் நான்கு பக்கம். சுருக்கித் தருகிறேன். எழுதியவர் யார் என்று அக்கம்பக்கத்தார்கூடக் கண்டுபிடிக்காதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மதுரை மகால் பக்கம் குடியிருக்கும் வாசகி. மாமியார் காலத்திலிருந்து வீட்டில் சுங்குடி வேலை, துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுப்பது. முடிச்சுப் போடும் பெண்கள் பதினான்கு பேர் இவரை நம்பி இருக்கிறார்கள். டிசைனை இவரே டேப்லெட்டில் வரைகிறார். போன ஆடியில் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர், தீபாவளிக்குப் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி டிசைன்களைக் கேட்டார். இவர் கவனமான ஆள். சும்மா அனுப்பாமல், ஜிமெயிலில் 'கான்ஃபிடென்ஷியல் மோட்' என்று இருக்கிறதே, அதைப் போட்டு, பன்னிரண்டு டிசைன்களை இணைத்து, ஒரு வாரத்தில் காலாவதியாகும்படி வைத்து, எஸ்.எம்.எஸ். பாஸ்கோடும் சேர்த்து அனுப்பினார். "யாருக்கும் காட்ட மாட்டேன்மா" என்று வியாபாரி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டார். பத்து நாள் கழித்து "விலை கட்டாதும்மா" என்று நழுவிவிட்டார். ஐப்பசி பிறந்ததும் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை வாசலில், இவருடைய ஐந்தாவது டிசைன், பாலியெஸ்டர் கலந்த துணியில் பிரிண்ட் போட்டுத் தொங்கியது. இவர் விற்கும் விலையில் கால்வாசி.

இனி அவருடைய கேள்விகள், அவர் வார்த்தையிலேயே: "என்கிரிப்ட் பண்ணித்தானே அனுப்பினேன்? ஃபார்வர்டு, டவுன்லோடு, பிரிண்ட் எதுவும் அவருக்கு வராதே. அப்போ ஹேக் பண்ணித்தானே எடுத்திருக்கணும்? ஐ.டி. சட்டம் 72-ல் கேஸ் போடலாம் என்கிறார் கொழுந்தனார். ஆனால் மெயிலை என்கிரிப்ட் பண்ண லைசென்ஸ் வேணும், நீங்கதான் மாட்டுவீங்க என்கிறார் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். மெயில் காலாவதி ஆயிடுச்சு, ஆதாரமும் போச்சா? இனிமே எதில் அனுப்பினால் யாராலும் எடுக்க முடியாது? அவர் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதலாமா?"

சகோதரி, கேள்விகளின் வரிசையிலேயே போகவில்லை. எது முக்கியமோ அங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

யாரும் ஹேக் செய்யவில்லை

நடந்தது பெரும்பாலும் இதுதான். மெயில் அவருக்குப் போனது. பாஸ்கோடு அவர் போனுக்கே வந்தது. திறந்தார். திரையில் டிசைன் தெரிந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தார், இல்லையென்றால் பக்கத்தில் கிடந்த இன்னொரு போனில் படம் பிடித்தார். பிரிண்டிங் பட்டறைக்காரருக்கு அந்தப் படமே தாராளம்.

ஜிமெயிலில் இந்த வசதி 2018-ல் வந்தது. ஸ்கிரீன்ஷாட்டையும் புகைப்படத்தையும் இது தடுக்காது என்று கூகுளே தன் உதவிக் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அதை யார் படிக்கிறோம்? கான்ஃபிடென்ஷியல் என்ற பெயரைப் பார்த்ததும் நம்பிவிடுகிறோம். உண்மையில் அந்த மோட் செய்வது கொஞ்சம்தான். பெறுபவரின் திரையிலிருந்து ஃபார்வர்டு, காப்பி, பிரிண்ட், டவுன்லோடு பொத்தான்களை எடுத்துவிடுகிறது. நாள் முடிந்தால், அல்லது நீங்கள் அனுமதியை ரத்து செய்தால், கதவைச் சாத்துகிறது. கதவு சாத்துவதற்குள் உள்ளே வந்தவர் பார்த்தது பார்த்ததுதான். மெயிலின் சரக்கு கூகுளின் சர்வரில், கூகுளால் திறக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. என்கிரிப்ஷன் என்றால், சாவி உள்ளவர் மட்டும் படிக்கும்படி சங்கேதமாக மாற்றிப் பூட்டுவது. அதனால், நீங்கள் நினைக்கும் அர்த்தத்தில் இது என்கிரிப்ஷனே இல்லை.

இதனால்தான் ஐ.டி. சட்டத்தின், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின், 43, 66 பிரிவுகளும் இங்கே ஒட்டாது. அனுமதி இல்லாமல் ஒருவர் கணினிக்குள் நுழைவது, தரவை எடுப்பது, இவற்றைப் பற்றியவை அவை. உங்கள் வியாபாரி தன் போனில், நீங்கள் கொடுத்த அனுமதியோடு, தனக்கு வந்த மெயிலைத்தான் திறந்தார். அவர் உடைத்தது உங்களுக்குக் கொடுத்த வாக்கை.

கொழுந்தனார் சொன்ன 72 இன்னும் தூரம். அந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அதிகாரி, அந்த அதிகாரத்தால் கைக்கு வந்த தகவலை வெளியே விட்டால்தான் 72. அதன் தம்பி 72ஏ ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் பேச வேண்டியிருக்கிறது, வேறு காரணத்துக்காக.

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சொல்லுங்கள்: தன் சொந்த மெயிலைப் பூட்டி அனுப்ப நம் நாட்டில் யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை. என்கிரிப்ஷன் முறைகளை வகுக்க மத்திய அரசுக்கு ஐ.டி. சட்டத்தின் 84ஏ பிரிவு அதிகாரம் தருகிறது. 2015-ல் ஒரு வரைவுக் கொள்கையும் வெளியிட்டார்கள். பூட்டி அனுப்பியதன் பூட்டாத நகலை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நாடே சிரித்தது, சில நாட்களில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கடைக்காரர் காதில் விழுந்தது அந்தக் காலத்துப் பேச்சாக இருக்கலாம். அதே ஐ.டி. சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி முறையான உத்தரவோடு அரசு கேட்டால் திறந்து காட்டியாக வேண்டும், மறுத்தால் ஏழு வருடம் வரை சிறை. அது தேசப் பாதுகாப்பு, குற்ற விசாரணை போன்ற காரியங்களுக்கு. சுங்குடி டிசைனுக்கு அந்த உத்தரவு வரப்போவதில்லை.

எந்தப் பூட்டு எதுவரை தாங்கும்

"எதில் அனுப்பினால் யாராலும் எடுக்க முடியாது" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க முடிந்த படத்தை எடுக்க முடியாமல் செய்யும் மெயில் இன்றைக்கு இல்லை. ஆனாலும் எது எதைச் செய்யும் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்களுக்கு வேறு இடத்தில் அது தேவைப்படுகிறது.

சாதாரண ஜிமெயிலே போகும் வழியில் பூட்டித்தான் போகிறது. டி.எல்.எஸ். என்பார்கள். மூடிய பார்சல் வண்டி மாதிரி. வழிப்பறி நடக்காது, ஆனால் இரு முனை அலுவலகத்திலும் பார்சல் வெளியே எடுத்து வைக்கப்படுகிறது.

அடுத்தது முனைக்கு முனை பூட்டுவது. 1991-ல் ஃபில் ஜிம்மர்மன் என்ற அமெரிக்கர் வெளியிட்ட பி.ஜி.பி. இதற்கு முன்னோடி. ஏற்பாடு அழகானது. வியாபாரி தன்னுடைய திறந்த பூட்டை ஊருக்கெல்லாம் கொடுத்து வைக்கிறார், சாவி அவரிடம் மட்டும். நீங்கள் அந்தப் பூட்டைப் போட்டு அனுப்பினால், பூட்டிய உங்களாலேயே அதைத் திறக்க முடியாது. அவர் சாவி மட்டும்தான் திறக்கும். நடுவில் இருக்கும் மெயில் கம்பெனிக்கும் தெரியாது. தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருளில் 2020-லிருந்து இது உள்ளேயே இருக்கிறது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பல மெயில் ஏற்பாடுகளில் தலைப்பு வரி பூட்டப்படுவதில்லை. உள்ளே பூட்டிவிட்டு மேலே "தீபாவளிப் புது டிசைன் 12" என்று தலைப்புப் போட்டால் அது கண்ணாடிப் பெட்டி.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்குச் சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் இருக்கிறது. புரோட்டானிலிருந்து புரோட்டானுக்கு முனைக்கு முனை பூட்டு தானாகவே விழும். எதிராளி ஜிமெயில்காரர் என்றால் பாஸ்வேர்டு போட்டு அனுப்பலாம், பாஸ்வேர்டை போனில் வாய்ப்பேச்சாகச் சொல்லிவிடலாம். அந்த மெயில், நீங்கள் வேறு நாள் குறிக்காவிட்டால், 28 நாளில் காலாவதியாகும். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு இது எதுவுமே மருந்தில்லை. திருடியவர் வழியில் நின்றவர் இல்லையே, சாவி வைத்திருந்தவர்.

மூன்றாவது வகை, திறந்த பிறகும் பெற்றவர் கையைக் கட்டுவது. மைக்ரோசாப்ட் 365 சந்தா கட்டினால் அவுட்லுக்கில் பூட்டி அனுப்பும்போது, ஃபார்வர்டு செய்வதையும் சேர்த்துத் தடுக்கும் வசதி கிடைக்கிறது. நீங்கள் கேட்பதற்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை. தனிநபர் அவுட்லுக்.காம் கணக்கில் வேர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட் கோப்புகள் டவுன்லோடு ஆன பிறகும் பூட்டோடு இருக்கும். பி.டி.எஃப்., படக் கோப்புகள் பூட்டு இல்லாமல் டவுன்லோடு ஆகிவிடும். டிசைனைப் படமாகவே இணைக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு பாதிதான். பவர்பாயின்டில் ஒட்டி அனுப்பினால் கொஞ்சம் தேவலை. அப்போதும் எதிரே இன்னொரு போனைத் தூக்கிப் பிடித்தால் முடிந்தது கதை. வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பினாலும் இதே கதிதான்.

அந்த விட்டுப்போன புள்ளி

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது டிசைனில், முந்தியின் இடது மூலை மாங்காயைச் சுற்றி பன்னிரண்டு புள்ளி வர வேண்டியது, அவசரத்தில் ஒன்று விட்டுப்போய்ப் பதினொன்றாகிவிட்டது. அனுப்பிய பிறகுதான் கவனித்தீர்கள். கடையில் தொங்கிய சேலையிலும் அந்த மாங்காய்க்குப் பதினொரு புள்ளி. "என் தப்பையும் சேர்த்துக் காப்பி அடித்திருக்கிறார்கள், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை" என்று முடித்திருந்தீர்கள்.

சிரியுங்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய ஆதாரம் அதுதான். "சுங்குடி என்றாலே புள்ளி, மாங்காய் எல்லாரும் போடுவது, எங்கள் ஆளும் தானாகத்தான் வரைந்தார்" என்பார்கள். இரண்டு பேருக்கு ஒரே அழகு தோன்றலாம். ஒரே பிழை, ஒரே மூலையில், ஒரே மாங்காயில் தோன்றாது. இன்றே யாரையாவது அனுப்பி, பில்லோடு அந்தச் சேலை ஒன்று வாங்கி வையுங்கள். நீங்களே போய் வாசலில் சண்டை போட வேண்டாம். கடைக்காரருக்கு இது எதுவும் தெரியாமலும் இருக்கலாம்.

மெயில் காலாவதியானது அவருக்குத்தான். உங்கள் அனுப்பிய மெயில் பெட்டியைத் திறந்து பாருங்கள், அங்கே இருக்கும். அதை அழிக்காதீர்கள். தேதி, அவர் முகவரி, காலாவதி நாள் தெரியும்படி கணினியில் படம் எடுத்து வையுங்கள். டேப்லெட்டில் இருக்கும் மூல வரைபடக் கோப்பைத் திறந்து திருத்தாதீர்கள். பதினொன்றைப் பன்னிரண்டாக்கும் ஆசை வரும், தொடவே தொடாதீர்கள். குரல் பதிவு இருக்கும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

இவற்றை நீதிமன்றத்தில் ஆவணமாகத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி என்று எல்லாரும் சொல்லும் சான்றிதழ், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுக்கு வந்துவிட்டது. இரண்டு பகுதி: ஒன்றில் கருவியை வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இன்னொன்றில் நிபுணர். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும், அதனால்தான் தொடாதீர்கள் என்கிறேன்.

சட்டம் எங்கே உங்கள் பக்கம் நிற்கிறது

"காப்புரிமை எனக்குத் தானாகவே உண்டுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கு. உங்களுக்கு உள்ளது பதிப்புரிமை, வரைந்த கணத்திலேயே வந்துவிட்டது, பதிவு தேவையில்லை. அதோடு நிம்மதியாக இருந்துவிட முடியாது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் ஒரு பொறி இருக்கிறது. பதிவு செய்யத் தகுந்த டிசைனைப் பதியாமல் விட்டுவிட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளில் போட்டுவிட்டால், அந்த டிசைனுக்கான பதிப்புரிமை அதோடு போய்விடும். திருடியவர் ஐந்நூறு போட்டாலும் அது இந்தக் கணக்கில் சேராது. பன்னிரண்டில் மூன்று இன்னும் சேலையாகவில்லை, மற்றவை இருபதுக்கு மேல் போடவில்லை என்கிறீர்கள். எல்லை தாண்டவில்லை.

ஆகவே டிசைன்கள் சட்டம் 2000-இன் கீழ் உடனே பதியுங்கள். பதிந்தால் பத்து வருடம், புதுப்பித்தால் இன்னும் ஐந்து. இதற்கு டிசைன் புதிதாக இருக்க வேண்டும், முன்பே ஊருக்கு வெளியாகியிருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் நீங்களே போட்ட இரண்டு டிசைன்களும், சேலையாக்கி வெளியே விற்றுவிட்டவை இருந்தால் அவையும் அதனால் அடிபட்டுவிட்டன, அவற்றைப் பதிவதை மறந்துவிடுங்கள். "வியாபாரிக்கு மெயிலில் அனுப்பியதும் வெளியிட்டதுதானே, கடையிலும் தொங்கிவிட்டதே" என்று நீங்கள் பயப்படலாம். அந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் ஒருவருக்குக் காட்டியதும், அவர் அந்த நம்பிக்கையை மீறி வெளியே விட்டதும் பதிவைக் கெடுக்கும் வெளியீடு ஆகாது. ஜவுளி டிசைனைத் தனியாகவே குறிப்பிட்டு, இரகசியமாகப் பெறும் முதல் ஆர்டரும் வெளியீடு ஆகாது என்கிறது. நம் தொழிலைத் தெரிந்த யாரோ எழுதிய பிரிவு போல எனக்கு எப்போதும் தோன்றும்.

இங்கேதான் உங்கள் கான்ஃபிடென்ஷியல் மோட் வேலைக்கு வருகிறது. படம் எடுப்பதை அது தடுக்கவில்லை. ஆனால் ஒரு வாரக் காலாவதி, பாஸ்கோடு, ஃபார்வர்டு தடை, கூடவே "யாருக்கும் காட்ட மாட்டேன்மா" என்ற குரல், எல்லாம் சேர்ந்து, இதை இரகசியமாகத்தான் காட்டினீர்கள், அவரும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டார் என்று சொல்கின்றன. மெயிலில் நீங்கள் எழுதியது "சார், பார்த்துட்டுச் சொல்லுங்க" என்ற ஒரே வரி. அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஒன்றும் வாதாட முடியாது. மோடும் குரலும் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

புவிசார் குறியீட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2005-ல் சுங்குடிக்குக் கிடைத்தது அது. 'மதுரைச் சுங்குடி' என்ற பெயரைக் காக்கும், தனி ஆளின் டிசைனைக் காக்காது. அந்தப் பிரிண்ட் துணியில் மதுரைச் சுங்குடி என்று லேபிள் ஒட்டியிருந்தால் அது தனித் தவறு, லேபிளையும் படம் எடுத்து வையுங்கள்.

எந்த வழி, எவ்வளவு ஆபத்து

முதலில் வியாபாரிக்கு வக்கீல் நோட்டீஸ். டிசைனைப் பயன்படுத்துவதை நிறுத்து, யாருக்குக் கொடுத்தாய் என்று சொல், அச்சிட்ட சரக்கின் கணக்கைக் கொடு. பழைய சரக்குக்கு அவர் உங்களுக்கு 46,000 ரூபாய் தர வேண்டியிருக்கிறது, நோட்டீஸ் போனால் அது வராமல் போகும் என்று தயங்குகிறீர்கள். அந்தப் பாக்கிக்கான பில்கள் இருக்கின்றன அல்லவா? அதையும் அதே நோட்டீஸில் கேட்கலாம். என் அனுபவத்தில், பாக்கிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்களுக்குப் பாக்கியும் முழுசாக வந்ததில்லை.

பேச்சில் முடியாவிட்டால் தடை உத்தரவும் இழப்பீடும் கேட்டு வழக்கு. பதிப்புரிமை வழக்கை நீங்கள் குடியிருக்கும், தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் போடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது, நகல் விற்றதும் மதுரையில்தான். அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வழக்கு போட மூன்று வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். இடைக்காலத் தடை கேட்கும்போது "தெரிந்த பிறகு இத்தனை நாள் என்ன செய்தீர்கள்" என்பதுதான் நீதிபதியின் முதல் கேள்வி.

போலீஸ்? தெரிந்தே பதிப்புரிமையை மீறுவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் குற்றம். அதில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. இருந்தாலும் அங்கே ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். படம் எடுத்தவர் ஒருவர், அச்சிட்டவர் ஒருவர், விற்றவர் ஒருவர். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் உள்ள கண்ணி உங்களிடம் இன்னும் இல்லை. புகார் கொடுத்தால் சிக்கப்போவது விளக்குத்தூண் கடைப் பையன்தான்.

ஃபேஸ்புக்கில் பெயர் போட்டு எழுதாதீர்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-ல் அவதூறு இன்னும் குற்றம்தான். உண்மையைத்தான் சொன்னேன் என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். இப்போது நீங்கள் வாதி. ஒரு பதிவு போட்டால் அடுத்த மாதம் எதிரியாகவும் நிற்பீர்கள்.

பதினான்கு பேரின் ஆதார்

நீங்கள் பெரிதாகவே நினைக்காத ஒரு விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. "கூலியை நேரடியாக அவங்க கணக்கிலேயே போடறேன்" என்று வியாபாரி சொன்னதை நம்பி, பதினான்கு பெண்களின் ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் வேறொரு மெயிலில், எந்தப் பூட்டும் இல்லாமல் அனுப்பியிருக்கிறீர்கள். டிசைனுக்கு பாஸ்கோடு, பெண்களின் ஆதாருக்கு ஒன்றும் இல்லை! தலைகீழாகச் செய்துவிட்டீர்கள், சகோதரி.

சொன்னேனே 72ஏ, அது பொருந்தக்கூடிய இடம் இது. ஒப்பந்தப்படி ஒரு சேவை செய்யும்போது கைக்கு வந்த பிறருடைய தனிப்பட்ட தகவலை, அவர்கள் சம்மதம் இல்லாமலோ ஒப்பந்தத்தை மீறியோ, ஒருவருக்கு நஷ்டமோ தனக்கு லாபமோ வரும் என்று தெரிந்து வெளியே கொடுத்தால், மூன்று வருடம் வரை சிறை. அந்த ஆர்டர் கைவிடப்பட்டுவிட்டதால், நகல்களை அழித்துவிட்டதாக எழுத்தில் தரச் சொல்லி அவருக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள். பெண்களிடமும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள், ஓ.டி.பி. கேட்டு யார் அழைத்தாலும் சொல்லக் கூடாது என்று. சங்கடம்தான். பின்னால் அவர்களாகத் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது மேல்.

இனி யாருக்காவது ஆதார் தர வேண்டியிருந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு போட்ட பி.டி.எஃப்., இல்லாவிட்டால் புரோட்டான் மாதிரிப் பூட்டு. பாஸ்வேர்டு அதே மெயிலில் போகக் கூடாது. இங்கே என்கிரிப்ஷன் முழுப் பலன் தரும், ஏனென்றால் இங்கே பயம், மெயிலைப் பெறுபவரைவிட வழியில் நிற்பவர்கள்மீதும், நாளைக்கு அந்த மெயில் பெட்டியைத் திருடப்போகிறவர்கள்மீதும்தான்.

அடுத்த ஆர்டருக்கு முன்னால்

டிசைனைப் பதிந்துவிட்டு அனுப்புங்கள். முழு டிசைனை அனுப்பாதீர்கள். கரை மட்டும், அல்லது முந்தியின் ஒரு மூலை, அதுவும் பெரிதாக்கினால் மங்கும் அளவில். முழுதும் பார்க்க வேண்டுமென்றால் மகால் பக்கம் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் பார்த்துப் போகட்டும்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. மின்னஞ்சலில் ஏற்படும் ஒப்பந்தமும் செல்லும் என்று ஐ.டி. சட்டம் 10ஏ சொல்கிறது. மெயிலின் அடியில் பொடி எழுத்தில் "இது இரகசியமானது" என்று ஒட்டுவது வெறும் அறிவிப்பு. எதிராளி சம்மதம் சொன்னால்தான் ஒப்பந்தம். அதனால் டிசைன் அனுப்புவதற்கு முந்தைய மெயிலில் இப்படி எழுதுங்கள்:

"அடுத்து அனுப்பப்போகும் டிசைன்கள் இன்னும் வெளிவராதவை. ஆர்டர் தருவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்வதற்காக மட்டும் இரகசியமாகக் காட்டுகிறேன். படம் எடுக்கவோ, பிறருக்குக் காட்டவோ, அனுப்பவோ, வேறு துணியில் போடவோ கூடாது. சம்மதம் என்று பதில் எழுதுங்கள். வந்ததும் அனுப்புகிறேன்."

பதில் வந்த பிறகு கான்ஃபிடென்ஷியல் மோடோ அவுட்லுக் பூட்டோ போட்டு அனுப்புங்கள். "இதுக்கெல்லாம் எதுக்கும்மா" என்று இழுப்பவருக்கு அனுப்ப வேண்டாம். அந்த ஆர்டர் போனால் போகட்டும்.

கடைசியாக, அந்தப் பதினொரு புள்ளியை இனி வேண்டுமென்றே செய்யுங்கள். ஒவ்வொரு வியாபாரிக்கும் போகும் படத்தில் ஒரு புள்ளியை வெவ்வேறு இடத்தில் விடுங்கள். கோயம்புத்தூர்க்காரருக்கு மூன்றாவது மாங்காயில், சேலத்துக்காரருக்குக் கரையின் ஏழாவது வரிசையில். எதை யாருக்கு என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கடையில் தொங்கும் சேலையைப் பார்த்த மாத்திரத்தில், எந்த மெயிலிலிருந்து போனது என்று நீங்கள் எண்ணிச் சொல்லிவிடலாம். முடிச்சு எண்ணிப் பழகிய வீடு, உங்களுக்கு இது ஒரு வேலையா?

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். போகும்போது டேப்லெட், அந்தப் பழைய போன், 46,000 ரூபாய்க்கான பில்கள், விளக்குத்தூணில் வாங்கிய சேலை, அதன் பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சேலையைத் துவைத்துவிடாதீர்கள், மடிப்பும் லேபிளும் அப்படியே இருக்கட்டும்.